விமானிகளுக்குப் பின்னால் ஒரு மடக்குக் கதிரை

தம்பி,

இதை நீ பறக்கப் போகிற நாளில் வாசிக்காதே. சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு, தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி. உன் கலியாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் கிடக்கிறது. ஏன் எழுதுகிறாய், தொலைபேசி எடுத்தால் காணும்தானே என்று அப்பா கேட்டார். தொலைபேசியில் நான் தொடங்கினால் பாதியில் நிறுத்துவேன், நீ "சரி அம்மா, அதை விடுங்கோ" என்பாய், நானும் விட்டுவிடுவேன். எட்டு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறோம். மருந்துக் குளிசை எடுத்தீங்களோ என்று நீ கேட்பாய், ஓம் என்பேன். அப்பாவிடம் கொடுக்கட்டோ என்று நான் கேட்பேன், ஓம் என்பாய். அதற்குக் கதைப்பது என்று பெயரில்லை.

கலியாணத்தன்று காலையில் கோயிலுக்கு வெளிக்கிட முன்னம் மாப்பிள்ளை வீட்டில் தாய் தகப்பன் முன்னால் முழந்தாளிட, அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் கோயிலுக்கு வருவேன், பின்வரிசை வாங்கில் இருப்பேன், ஆனால் சிலுவை போடமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன். அவர் உனக்குச் சொல்லியிருப்பார். நீ ஒன்றும் கேட்கவில்லை. போடமாட்டேன் என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத இருந்தேன். ஆனால் அதற்கு முன்னம் கதையை முதலிலிருந்து ஒருக்கால் நேராகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அதை நான் எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரம் முழுக்கப் பிழையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உனக்கு ஏழு வயது. ஜெர்மனியில் எங்களுக்கு அகதிப் பயணப் பத்திரம் கிடைத்த வருஷம். டொராண்டோவில் இருந்த உன் பெரியம்மாவை, எனக்கிருந்த ஒரே அக்காவை, பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்க்கப் போனோம். கடலுக்கு மேலே போகும்போது பணிப்பெண் வந்து, சின்னவருக்கு விமானியைப் பார்க்க விருப்பமோ என்று கேட்டாள். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. கதவு ஒன்று இருந்தது, அது திறந்து கிடந்தது. தலை நரைத்த கப்டன் ஒருவர் தனக்குப் பின்னால் சுவரோடு மடிந்து கிடந்த கதிரையை இழுத்து விரித்து உன்னை அதில் இருத்தினார். நான் உன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முன்னால் முழுக்க வெளிச்சம், கீழே பஞ்சு மாதிரி முகில். "இதில ஆர் இருக்கிறவை?" என்று நீ அவரிடம் ஜெர்மனில் கேட்டாய். "விருந்தாளி" என்றார். அந்த ஒரு சொல் உன்னை விமானியாக்கியது. என்னை வேறொரு இடத்தில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதிரை அன்பாகக் கேட்டால் கிடைக்கிற ஒன்று என்று என் மனதில் பதிந்துவிட்டது.

கேட்டால் கிடைக்கும், கையில் ஒரு பெட்டியோடு போய்க் கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்பது நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பாடம். உனக்குப் பத்து வயதிருக்கும்போது, வதிவிட அனுமதி புதுப்பிக்கிற அலுவலகத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கடைகளின் விளம்பரத் தாளிலும் உன் பள்ளிப் புத்தகத்திலும் ஜெர்மன் பழகிக்கொண்டிருந்த நேரம், கதைக்கிற தைரியம் வரவில்லை. மொழிபெயர்ப்பு உன் வேலை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு முன்னால் நான் வீட்டில் பொரித்த இருபது றோல்ஸ் இருந்த பெட்டியை வைத்தேன். அவள் முகம் சிவந்து ஏதோ சொன்னாள். நீ தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, இதை எடுக்கட்டாம். எடுக்காட்டி தனக்குத்தான் பிரச்சினையாம்" என்றாய். வழியில் பஸ்சில் நாங்கள் இரண்டு பேரும் அந்த றோல்ஸைச் சாப்பிட்டோம். நீ ஐந்து, நான் இரண்டு. எனக்குச் சிரிப்பு. உனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. டொக்டர் சொல்லுகிற இல்லை, பள்ளிக்கூடம் சொல்லுகிற இல்லை, வீட்டுக்காரர் சொல்லுகிற இல்லை, எல்லாவற்றையும் எனக்குத் தமிழில் கொண்டுவந்து தருகிற வேலையை ஒரு பிள்ளையின் தலையில் வைத்தேன். அது என் முதல் பிழை.

நீ விமானியாகப் படிக்க விண்ணப்பித்தபோது, உன்னை நம்பலாமோ என்று அரசாங்கம் விசாரிக்கும் என்று ஒரு படிவம் வந்தது. எங்கே பிறந்தாய், எங்கெங்கே இருந்தாய் என்று கேட்டிருந்தது. நீ சாப்பாட்டு மேசையில் இருந்து சீட்டியடித்துக்கொண்டு அதை நிரப்பினாய். நான் அறைக்குள்ளே போய்ச் செபமாலையை எடுத்தேன். மன்னார் றோட்டில் பஸ்ஸை மறித்த ஆமிக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, திருப்பித் தருவானோ, இறங்கு என்பானோ என்று நின்ற பிள்ளை நான். அட்டையைப் பார்க்கிறவனின் கண் எங்கே போகிறது என்று பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. ஆறாவது கிழமை கடிதம் வந்தது. நீ குசினி வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, என்னை நம்பலாம் எண்டு எழுதியிருக்கினம்" என்றாய். எங்கள் குடும்பத்தில் அரசாங்கம் ஒன்று அப்படி எழுதித் தந்த முதல் ஆள் நீ. அதை ஐந்து வருஷத்துக்கு ஒருக்கால் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும் என்றும் நீதான் சொன்னாய். கேட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

இனி எட்டு மாதத்துக்கு முந்தின அந்த நாளுக்கு வாறன். அக்காவுக்கு இனி ஏலாது, வரக்கூடியவர்கள் வாருங்கோ என்று டொராண்டோவிலிருந்து சொன்னார்கள். பிராங்க்பேர்ட்டிலிருந்து அடுத்த நாள் போகிற விமானத்தை ஓட்டுகிற இரண்டு பேரில் ஒருவன் நீ. உன் வேலையால் எங்களுக்குக் கிடைக்கிற ரிக்கற் இடம் மிஞ்சினால்தான் ஏறலாம் என்ற ரிக்கற். "அம்மா, நாளைக்கு நிறைஞ்சு கிடக்கு, ரெண்டு நாள் பொறுத்துக் காசு குடுத்து எடுப்பம்" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. என் கணக்குக் கொப்பியின் பின் மட்டையில் நீ எப்போதோ எனக்கு விளங்கப்படுத்தக் கீறின படம் இருந்தது. கப்டனுக்கு ஒரு கட்டம், உனக்கு ஒரு கட்டம், பின்னால் ஒரு சின்னக் கட்டம். அதைப் பார்த்துக்கொண்டே அக்காவுக்குப் பிடித்த பயத்தம் பணியாரத்தைச் சுட்டேன். அப்பா, "நீ என்னவோ யோசிச்சு வச்சிருக்கிறாய்" என்றார். நான் பணியாரத்தைப் பெட்டியில் அடுக்கினேன்.

விமானம் ஏறுகிற வாசலடியில் நின்ற பெண் கணினியைப் பார்த்து, ஒரு இடமும் இல்லை, மன்னியுங்கோ என்றாள். நீயும் கப்டனும் முன்னமே உள்ளே போயிருந்தீர்கள். ஏதோ தாளில் கையெழுத்து வைக்க இரண்டு பேரும் திரும்ப வாசலுக்கு வந்ததைக் கண்டேன். கடவுளே கொண்டுவந்து விட்டார் என்று நினைத்தேன். நேரே போய்க் கப்டனுக்கு முன்னால் நின்று பணியாரப் பெட்டியை நீட்டினேன். இத்தனை வருஷமாகப் பழகின ஜெர்மனை எல்லாம் ஒன்றாகத் திரட்டி, "ஐயா, நான் இவருடைய தாய். என் அக்கா சாகக் கிடக்கிறா. உங்களுக்குப் பின்னால் ஒரு கதிரை சும்மா கிடக்கிறது" என்றேன். அந்த மனிதரின் முகம் இளகியது. வாய் திறக்கப் பார்த்தார். அதற்குள் நீ, "ஏலாது அம்மா" என்றாய். அவருக்கு ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பவும் என்னிடம், "அந்தக் கதிரை என்ரையுமில்லை, அவரின்ரையுமில்லை. போய் இருங்கோ. அப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார்" என்றாய். பெட்டியை மட்டும் என் கையிலிருந்து வாங்கினாய். நீ பெட்டியை வாங்கினதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நீ இறங்கின கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணித்தியாலம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்றும், பணியாரத்தில் ஒரு சின்னத் துணுக்கை நுனி நாக்கில் வைத்துவிட்டாய் என்றும், உன் கைக்குள்ளேயே அவ போனா என்றும் அவவின் பிள்ளைகள் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். எனக்கு வந்தது பொறாமை. நான் பிடித்திருக்கவேண்டிய கையை நீ பிடித்தாய் என்ற பொறாமை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை உனக்குச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது சனம் கேட்கும். "உங்கட மகன் பைலற்தானே அக்கா, உங்களுக்கென்ன, நினைச்ச நேரம் பறப்பியள்." நான், "பின்னால கதிரை சும்மா கிடந்தாலும் தாய்க்குத் தராத பைலற்" என்பேன். சிரிப்பதுபோலத்தான் சொல்வேன். ஒருவருக்கும் அது சிரிப்பாகப் போகவில்லை. அப்பா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "இனி ஒருக்கா அதைச் சொன்னியெண்டா, பெட்டியோட போய்க் கப்டனை மறிச்ச கதையையும் நான் சேர்த்துச் சொல்லுவன்" என்றார். அதோடு வெளியில் சொல்வதை நிறுத்தினேன். உள்ளே நிறுத்தவில்லை.

உன்னைப் பிழை என்று காட்டவேண்டும் என்றுதான் நூலகத்துக்குப் போனேன். விமானப் பாதுகாப்புச் சட்டத்தை அச்செடுத்து, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இருந்து வாசித்தேன். விருந்தாளி என்ற சொல்லை எங்கும் காணவில்லை. அந்தக் கதவுக்குள் ஆர் போகலாம், ஆர் போகக்கூடாது, அமெரிக்கா கனடாப் பக்கம் போகிற விமானமென்றால் இன்னும் எவ்வளவு இறுக்கம் என்றெல்லாம் இருந்தது. கப்டன் இரக்கப்பட்டிருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று விளங்கியது. நீ கெஞ்சியிருந்தால், உன்னை நம்பலாம் என்று எழுதித் தந்த அந்தக் கடிதம் என்னவாகியிருக்கும் என்பதும் விளங்கியது. பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. கப்டன் வாய் திறக்க முன்னம் நீ ஏன் பேசினாய் என்பது. இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் அவரை வைதிருப்பேன். ஓம் என்றிருந்தால் அவர் கெட்டிருப்பார். இரண்டுக்கும் இடம் வைக்காமல் நீ உன் தலையில் எடுத்தாய். இவ்வளவும் விளங்கியும் உனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. விளங்குவதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவில் எனக்கு ஒரு கதவு கிடந்தது.

போன மாதம் அனிற்றா எங்கள் வீட்டுக்கு வந்தாளே, நீ வேலையில் இருந்த அந்த இரண்டு நாள். கலியாணம் செய்யப் போகிற பெண் தனியாக மாமி வீட்டுக்கு வாறதோ என்று எனக்கு முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. அமெரிக்காவில் பிறந்தவள், சாமான் ஏற்றுகிற விமானம் ஓட்டுகிறவள், தமிழ் கதைப்பாளோ என்றும் ஒரு பயம். வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, "மாமி, பசிக்குது" என்றாள். பயம் போய்விட்டது. சோறு போட்டுக்கொண்டே எதில் வந்தனீர் பிள்ளை என்று கேட்டேன்.

"எங்கட கொம்பனிப் பிளேனிலதான் மாமி. கொலோன் வரைக்கும் மடக்குக் கதிரையில."

என் அகப்பை அப்படியே நின்றது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அறிந்தேன். ஊர் முழுக்க நான் சொன்ன கதையை, நீ கட்டப் போகிறவளுக்குக்கூடச் சொல்லவில்லை.

மனதை அடக்கிக்கொண்டு, சட்டம் வாசித்த காலத்தில் கண்ட வேறொன்றைக் கேட்டேன். அமெரிக்காவில் விமானிகள் விரும்பினால் பயிற்சி எடுத்துத் துப்பாக்கி வைத்திருக்கலாமாம் என்று வாசித்திருந்தேன். "பிள்ளை, நீர் துவக்கு வச்சிருக்கிறீரோ?"

அவள் மீன் முள்ளை ஆறுதலாக எடுத்து வைத்தாள். "மாமி, ஓம் எண்டாலும் சொல்லக்கூடாது, இல்லை எண்டாலும் சொல்லக்கூடாது. உங்கட மகனும் கேட்டவர். அவருக்கும் இதே பதில்தான்."

"கட்டப் போறவனுக்கும் சொல்லேலாதோ?"

"கட்டினாப் பிறகும் ஏலாது. எங்களில ஆரிட்ட இருக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கிறதுதான் அதின்ர வேலையே."

எங்கள் ஊரில் துவக்கோடு வந்த எல்லாரும், எந்தப் பக்கத்தாரும், உங்களைக் காப்பாற்றத்தான் வந்தோம் என்றுதான் சொன்னார்கள். துவக்கு இருக்கிற இடத்தில் நித்திரை வராத தலைமுறை நாங்கள். அதை அவளுக்கு அப்படியே சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆரிட்ட இருந்தாலும் மாமி, அது பூட்டி வைக்கிற சாமான். வெளியில எடுக்கவேண்டி வந்தால் அண்டைக்கு மற்றதெல்லாம் தோத்துப் போச்செண்டு அர்த்தம். இஞ்ச வரேக்க ஒருத்தரும் கொண்டுவர ஏலாது, அதுக்குப் பயப்பிடாதேங்கோ. என்ர பையில துணியும் சொக்லேற்றும்தான். பாக்கப் போறியளோ?" என்றாள். அப்பா சிரித்துவிட்டார். "அவள் பாத்திட்டாள் பிள்ளை, நீர் குளிக்கேக்க" என்றார். நான் பார்க்கவில்லை, தம்பி. மடித்து வைக்கத்தான் திறந்தேன்.

அதன் பிறகு என்னால் அடக்க ஏலவில்லை. உமக்கு ஒரு கதிரை கிடைக்குது, எனக்கு என்ர அக்கா சாகேக்கையும் கிடைக்கேல்லை என்று தொடங்கி, முழுவதையும் கொட்டினேன். வாசலடி, பெட்டி, நீ இல்லை என்றது. அவள் உன் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. தன் கதை ஒன்றைச் சொன்னாள். அந்தக் கதிரையில் போவதென்றால், பட்டியலில் பேர் இருந்தாலும், அட்டை இருந்தாலும், கடைசியில் நேரே போய்க் கப்டனின் முன்னால் நின்று, வரலாமோ என்று வாயால் கேட்கவேண்டுமாம். அது அவர்களுடைய வழக்கமாம். ஒரு முறை தன் தம்பியின் பட்டமளிப்புக்குப் போக நின்றபோது, கணினி வேலை செய்யாமல் அவளுடைய அடையாளத்தை உறுதிப்படுத்த ஏலாமல் போயிற்றாம். கப்டன் அவள் வீட்டில் சோறு சாப்பிட்ட மனிதர். அவளை நன்றாகத் தெரியும். இருந்தும் இல்லை என்றாராம்.

"நீர் என்ன சொன்னனீர்?"

"நன்றி சொல்லிப்போட்டு இறங்கினன். ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் நன்றி சொல்லிப்போட்டுத்தான் திரும்பவேணும் மாமி. அதுவும் வழக்கம்."

"இல்லை எண்டதுக்கு என்னத்துக்கு நன்றி?"

"அவர் தெரிஞ்ச ஆளுக்கும் இல்லை எண்டு சொல்லுற ஆள். அதாலதான் மற்ற நாளில அவருக்குப் பின்னால இருந்து நான் நித்திரை கொள்ளுறன்."

அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். நான் மேசையிலேயே இருந்தேன். நீ ஓட்டுகிற விமானத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை தாய்மார், எத்தனை அக்காமார் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. உன் தாய் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்வாய் என்பதும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். தெரிந்த நான்தான் உன்னோடு கோபித்துக்கொண்டிருந்தேன்.

கலியாணத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் இரண்டே இரண்டு விஷயம் இருக்கிறது. அவள் சொல்லக்கூடாத ஒன்று இருக்கிறது. அதை இனி ஒருக்காலும் கேட்காதே, சாடையாகவும் கேட்காதே. உன் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டவையும் இருக்கின்றன. தடுப்பு முகாமில் இருந்த அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி அவராகச் சொன்னதற்கு மேல் ஒரு சொல் நான் கேட்டதில்லை. அதனால் எங்களுக்குள் ஒன்றும் குறைந்துபோகவில்லை. மற்றது என்னைப் பற்றி. உங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்கொரு இடம் தருவீர்கள் என்று தெரியும். ஆனால் நான் வாசலில் நின்று, வரலாமோ என்று கேட்டுத்தான் வருவேன். இன்றைக்கு வேண்டாம் அம்மா என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவேன். பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன், அதை மட்டும் மறுக்காதே.

நான் பிழையாகச் சொன்னது பத்துப் பேருக்கு முன்னால். திருத்துவதும் அவர்களுக்கு முன்னால்தான் இருக்கவேண்டும். அதனால் இந்தக் கடிதத்தை எங்கள் கோயில் வெளியிடுகிற மலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். துவக்கு விஷயம் இருக்கே என்று அனிற்றாவிடம் கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லேல்லைத்தானே மாமி, எழுதுங்கோ" என்றாள். உன்னிடமும் கேட்கிறேன். ஓமோ இல்லையோ, எழுதி அனுப்பு. இல்லை என்றால் கொப்பிக்குள் வைத்துவிடுவேன்.

பெரியம்மாவின் கையை எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு நன்றி. சின்ன வயதில் மற்றவர்களின் எத்தனையோ இல்லையை எனக்குக் கொண்டுவந்து தந்தாய். அன்றைக்கு வாசலடியில் நீ சொன்ன இல்லை ஒன்றுதான் உன்னுடையது. அதற்கும் நன்றி, தம்பி. எட்டு மாதம் பிந்திச் சொல்லுகிறேன்.

கலியாணத்தன்று காலை ஏழு மணிக்கு வா. வெறும் வயிற்றோடு வராதே, நான் இடியப்பம் அவிப்பேன். முழந்தாளிட அப்பா ஒரு தலையணை எடுத்து வைத்திருக்கிறார். சிலுவை நான் போடுவேன். நீ சம்மதித்தால்.

அம்மா